தறிச் சத்தத்தின் மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனி ஒன்றில் வேலை. வாரத்தில் மூன்று நாள் சோமனூர் வீட்டிலிருந்தே பார்க்கிறேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாலும் அம்மா கூப்பிடுகிறார், குழந்தை வந்து கதவைத் தட்டுகிறது. போதாததற்குப் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம். மனைவியும் ஒரு பனியன் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறார். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து முடித்துவிடுகிறார், அவருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. எனக்குக் கவனம் சிதறாமல் இருக்க வழி சொல்லுங்கள்.
– வாசகர், சோமனூர்

பதில்: முதலில் தறியைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிடுங்கள். சோமனூர், கருமத்தம்பட்டி, பல்லடம் பக்கம் தறிச் சத்தத்தைக் கேட்டபடியே படித்துப் பரீட்சை எழுதி, இன்று உங்கள் கம்பெனி போன்ற இடங்களில் உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனையோ பேர். தறி ஓடினால் தூங்கும் குழந்தை, கரண்ட் போய்த் தறி நின்றால் விழித்து அழும். உங்கள் ஊரில் எந்தத் தாயைக் கேட்டாலும் இதைச் சொல்வார்.

இதற்குக் காரணம் உண்டு. 1970களிலிருந்து உளவியலாளர்கள் இதைச் சோதித்து வந்திருக்கிறார்கள். ஆட்களை உட்காரவைத்து எழுத்துகளையோ எண்களையோ வரிசையாக மனப்பாடம் செய்யச் சொல்லி, பக்கத்தில் ஒரு சத்தத்தை ஓடவிடுவார்கள். ஒரே மாதிரி ஓடும் இரைச்சல் அவ்வளவாகக் கெடுக்கவில்லை. பேச்சுக் குரல் கெடுத்தது. மெல்லிய குரலாக இருந்தாலும், புரியாத மொழியாக இருந்தாலும் வரிசை தப்பிப்போனது. மாறிக்கொண்டே இருக்கும் சத்தத்தின் பின்னால்தான் மனசு ஓடுகிறது. பக்கத்து வீட்டுத் தறி காலையிலும் அதே தாளம், சாயங்காலமும் அதே தாளம். உங்கள் வீட்டு ஆசாரத்தில், அதாவது கூடத்தில், ஓடும் டி.வி. சீரியல் அப்படியா? அழுகை, சவால், திடீர் இசை, நடுவில் விளம்பரம். அதை உங்கள் பட்டியலில் காணோம்.

தறியைப் பற்றிப் பேச்செடுத்த பிறகு இதையும் சொல்லாமல் விட முடியாது. சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற உங்களுக்கு அது தாளம். தறிக் குடோனுக்குள்ளே நிற்பவருக்கு அப்படியில்லை. வருடக்கணக்கில், ஊடைநூலைக் கொண்டு ஓடும் நாடாவின் அடிக்கு நடுவே நின்றவர்களுக்குக் காது மந்தமாகிவிடுகிறது. அவர்கள் வீட்டில் எல்லாரும் உரக்கப் பேசுவது அதனால்தான். 2022 தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டுக் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் விசைத்தறிகள் ஒரு மாதத்துக்கும் மேல் நின்றன. நீங்கள் கேட்கிற அமைதி அப்போது உங்கள் ஊருக்குக் கிடைத்தது. அந்த அமைதி எத்தனை வீட்டில் அடுப்பைப் பாதித்தது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். தறி ஓடட்டும் தம்பி. அது ஓடுகிற வரைக்கும் ஊருக்கு நல்லது.

பட்டியலில் இல்லாத இன்னொன்று செல்போன். அம்மாவைச் சொன்னீர்கள், குழந்தையைச் சொன்னீர்கள், பக்கத்து வீட்டுக்காரரையும் விடவில்லை. கையில் இருப்பதைச் சொல்லவில்லை. கலிஃபோர்னியாவில் குளோரியா மார்க் என்ற ஆய்வாளர், மக்கள் கம்ப்யூட்டர் முன்னால் எப்படி வேலை செய்கிறார்கள் என்று இருபது வருடமாக அளந்து வந்தவர். ஒரு திரையில் சராசரியாக நிலைத்த கவனம் 2004இல் இரண்டரை நிமிடம் இருந்தது, பிறகு வந்த அளவீடுகளில் 47 விநாடிக்கு இறங்கிவிட்டது. அவர் கண்ட இன்னொரு விஷயம் உங்களுக்கானது: மற்றவர் வந்து குறுக்கிடுவதற்கு ஏறக்குறைய சமமாக நாமே நம் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு எழுகிறோம். அம்மா கூப்பிடுவதை எண்ணுகிற நாம் இதை எண்ணுவதில்லை.

இனி உங்கள் கேள்வியில் என்னை உறுத்திய இடம். 'அவருக்கு இந்தப் பிரச்சினை இல்லை' என்று மனைவியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவரைக் கேட்டீர்களா? சாத்திக்கொள்ளக் கதவு இருக்கிற நீங்கள் கவனம் சிதறுகிறது என்று கடிதம் எழுதுகிறீர்கள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, ஒரு கண் குக்கர் விசில் மேலும் ஒரு கண் பில் மேலும் வைத்துக் கணக்கு முடிக்கிறவருக்கு எதுவுமே இல்லை என்று தீர்ப்பும் எழுதிவிட்டீர்கள்.

வீட்டிலிருந்து வேலை 2020 ஊரடங்கில் வந்தது என்று எழுதுகிறவர்களோடு எனக்குப் பழைய வழக்கு உண்டு. சென்னிமலையில் போர்வை நெய்தவர்களும் பவானியில் ஜமுக்காளம் நெய்தவர்களும் எங்கே வேலை பார்த்தார்கள்? வீட்டுக்குள்ளே குழித்தறி. வீட்டு ஆண் குழியில் காலைத் தொங்கவிட்டு நெய்வார், வீட்டுப் பெண் ராட்டையில் தார் சுற்றுவார், அதாவது நாடாவுக்குள் வைக்கும் குச்சியில் நூல் சுற்றுவார். நெய்தவர் நெசவாளர் என்று கணக்கில் வந்தார், தார் சுற்றியவர் வீட்டில் சும்மா இருப்பவர் ஆனார். இன்றைக்கும் திருப்பூர் சுற்றுவட்டாரத்துத் தெருக்களில் பாருங்கள். மொபெட்டில் பனியன் பண்டல் வந்து இறங்கும். நடையில் உட்கார்ந்து பிசிறு வெட்டுவார் ஒரு பெண். தொட்டில் கயிறு கால் பெருவிரலில் மாட்டியிருக்கும், கை கத்தரியில், காது அடுப்பில். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. துணியில் கத்தரி பட்டுவிட்டால் அந்தப் பீஸின் நஷ்டம் அவர் தலையில். கவனம் என்றால் என்ன என்று எனக்குத் தெரிய வேண்டுமானால் அவரைத்தான் கேட்பேன். இப்படிப்பட்டவர்களுக்காக 1996இல் உலகத் தொழிலாளர் அமைப்பு 177ஆம் எண் உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. ஐ.டி. கம்பெனி தன் ஆட்களுக்கு வீட்டிலிருந்து வேலை பார்க்க விதிமுறை எழுதுகிற நாட்டில், பிசிறு வெட்டுகிறவருக்கென்று தனிச் சட்டம் இல்லை என்பது எனக்கு ஆறாத கோபம்.

வீட்டு வேலை யார் தலையில் என்பதற்கு அரசின் கணக்கே இருக்கிறது. 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் ஒரு நாளைக்கு அதற்குச் செலவிட்டது 299 நிமிடம். வீட்டு வேலை செய்கிற ஆண்கள் 97 நிமிடம். உங்கள் கவனத்தை யாரோ தன் கவனத்தைக் கொடுத்துக் காவல் காக்கிறார்.

சீனாவில் சீட்ரிப் என்ற பயண நிறுவனத்தில் 2010-11இல் ஒன்பது மாதம் ஒரு பரிசோதனை நடந்தது. வீட்டிலிருந்து போனில் பேசி வேலை பார்த்தவர்கள் 13 சதவீதம் கூடுதலாக வேலை செய்தார்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் முறைக்கு ஆதரவாக எல்லாரும் இந்த எண்ணைக் காட்டுவார்கள். அதில் சேர வீட்டில் தனி அறை இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை யாரும் சொல்வதில்லை.

நம் பக்கம் கட்டுகிற வீடுகளைப் பாருங்கள். இரண்டு கார் நிற்கிற போர்டிகோ, ஈசானியத்தில் பூஜை அறை, கன்னி மூலையில் பெரிய படுக்கை அறை, மாடியில் ஹோம் தியேட்டர். உட்கார்ந்து எழுத ஒரு மேஜைக்கு இடம் கேட்டால் பொறியாளர் பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். இதை நான் எழுதும்போதெல்லாம் கட்டுமானத் துறை நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள், வரட்டும். எட்டுக்கு எட்டு போதும். ஒரு ஜன்னல், ஒரு கதவு. போர்டிகோவில் ஒரு காரைக் குறைத்தால் அந்த அறை கிடைத்துவிடும்.

வழி கேட்டீர்கள், சொல்கிறேன். 25 நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு என்ற தக்காளிக் கடிகார முறை ஓர் இத்தாலிய மாணவர் தன் பாடத்தைப் படிக்கக் கண்டுபிடித்தது. கதவைத் தட்டும் குழந்தைக்கு அந்தக் கணக்குத் தெரியாது. அதைவிட, எழுந்து போகும் முன் எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், திரும்பி வந்து முதலில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு வரி தாளில் எழுதிவிட்டு எழுங்கள். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். விட்ட வேலை மனசைப் பிடித்து இழுப்பது குறைகிறது. இழை அறுந்த இடம் தெரிந்தால் பிணைப்பது சுலபம் என்பது உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும். போனை அடுப்பங்கரை அலமாரியில் வையுங்கள். "கண்ணு, மோட்டார் போட்டயா?" என்று அம்மா கேட்பதற்கு முன்னால் மோட்டாரைப் போட்டுவிட்டு உட்காருங்கள்.

அறையை மட்டும் பங்கு போடுங்கள். மதியம் வரை உங்களுக்கு, அதற்குப் பிறகு உங்கள் மனைவிக்கு. கதவுக்குள் இருப்பவரை யாரும் கூப்பிடாமல் வெளியில் இருப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் மாதம் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் கெடு. அதற்கு முந்தின இரண்டு நாளும் அறை முழுக்க அவருக்கு. சாப்பாட்டு மேஜையில் நீங்கள் உட்காருங்கள். சிலிண்டர் வந்தாலும் குழந்தை அழுதாலும் எழுந்து போக வேண்டியவர் அன்றைக்கு நீங்கள்தான்.