பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே

கேள்வி: "நேரடி ரொக் இசை நிகழ்ச்சி, நடன விடுதி இரண்டின் சூழலும் எப்படி வேறுபடும்? இரண்டுக்கும் நான் போனதில்லை. முதலில் எதற்குப் போகலாம்?"

நான் திருகோணமலை உவர்மலையைச் சேர்ந்தவன். பதினொரு வருடமாகக் கோவில் திருவிழாக்களில் பாடும் இசைக்குழு ஒன்றில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாகி வெளிநாட்டவர்கள் வரும் பருவத்தில், உப்புவெளிக் கடற்கரை விடுதி ஒன்றின் நடன இரவுகளுக்கு ஒலிபெருக்கி பூட்டுவதும், முடியும்வரை பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வதும் என் வேலை. கொழும்புக்கு ரொக் நிகழ்ச்சி கேட்கப் போவது முழுக்க முழுக்க என் ஆசை. ஆகவே இரண்டையும் முன்னால் நின்றும் பின்னால் நின்றும் பார்த்திருக்கிறேன்.

ஒன்றில் மேடையைப் பார்க்கிறோம், மற்றதில் ஆடுகிறோம் என்று பலர் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்குவதற்கு முன் அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். இரண்டின் சூழலையும் தீர்மானிப்பது அந்த இடைவெளிதான் என்பது என் எண்ணம்.

முதன்முதலில் ரொக் நிகழ்ச்சிக்குப் போனபோது எனக்கு இருபத்திரண்டு வயது. இங்கிருந்து கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். காலை பஸ் ஏறி, மாலையில் இறங்கி, முகம் கழுவிக்கொண்டு நேரே மண்டபத்துக்குப் போனேன். ஸ்டிக்மாட்டா போன்ற குழுக்கள் 1990களின் இறுதியிலிருந்தே கொழும்பில் கடும் ரொக் இசைத்து வருகின்றன. நான் போனது அவ்வளவு பெயர் இல்லாத மூன்று குழுக்கள் சேர்ந்து நடத்திய சிறிய நிகழ்ச்சி. மூன்றாவது வரிசையில் நின்றேன். காலால் அடிக்கும் பெரிய ட்ரம்மின் ஓசை காதுக்கு வருவதற்கு முன் நெஞ்சுக்கூட்டுக்கு வந்துவிட்டது போல இருந்தது.

நான்காவது பாட்டின் நடுவில் கிட்டார்காரரின் தந்தி அறுந்தது. பாட்டை எப்படியோ முடித்துவிட்டு அவர் மேடையிலேயே குந்தினார். வாயில் ஒரு சிறிய டோர்ச் லைட்டைக் கவ்விக்கொண்டு புதுத் தந்தியைக் கோத்து, முறுக்கி, காதை மரத்தோடு ஒட்டிச் சுருதி பார்த்தார். மூன்று நிமிடம் இருக்கும். கூட்டம் சும்மா நிற்கவில்லை. ட்ரம்ஸ் வாசித்தவர் மெதுவாக ஒரு தாளம் போட, பின்வரிசையிலிருந்து யாரோ முந்திய பாட்டின் வரியை எடுத்துக் கொடுக்க, மண்டபமே அதைப் பாடியது. எனக்குப் பக்கத்தில் நின்ற சிங்கள இளைஞர் தன் தண்ணீர்ப் போத்தலை என்னிடம் நீட்டினார். என்னிடம் அப்போது இருந்த சிங்களம் நன்றி சொல்ல மட்டுமே போதும். அதைச் சொன்னேன். அதன் பிறகு நிகழ்ச்சி முடியும்வரை அவர் கை என் தோளில் இருந்தது. பாட்டு இடைவிடாமல் ஓடியிருந்தால் அந்தத் தண்ணீர்ப் போத்தல் என்னிடம் வந்திருக்காது.

நேரடி நிகழ்ச்சியில் கூட்டமும் ஒரு வாத்தியம். 1965இல் நியூயோர்க்கின் ஷே விளையாட்டரங்கில் பீட்டில்ஸ் பாடியபோது 55,000 பேருக்கு மேல் வந்திருந்தார்கள். அந்தக் கூச்சலில் பாடியவர்களுக்கே தங்கள் பாட்டு கேட்கவில்லை. பாடுகிறவரின் குரலை அவர் பக்கமே திருப்பித் தரும் மேடை ஒலிபெருக்கி அப்போது வழக்கத்துக்கு வந்திருக்கவில்லை. இன்று எங்கள் ஊர்த் திருவிழா மேடையில்கூட அது உண்டு. ஆனாலும் கூட்டம் பாடத் தொடங்கினால் எங்கள் கையின் வேகம் தானாக மாறுகிறது. அதை எந்தக் கருவியாலும் தடுக்க முடியவில்லை, நான் தடுக்க விரும்பியதும் இல்லை.

இனி நடன விடுதி. திருகோணமலையில் பெரும்பாலும் அது மணலில் நடக்கும். செருப்பை ஓர் ஓரத்தில் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலுடன் ஆடுவார்கள். மணலில் குதிக்க முடியாது, கால் புதையும். அதனால் ஆட்டம் இடுப்புக்கும் தோளுக்கும் ஏறிவிடும்.

டிஜே செய்யும் வேலையை நான் இரண்டு அடி தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஹெட்போனின் ஒரு பக்கம் மட்டும் அவர் காதில் இருக்கும். கூட்டம் கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டு வலக்காதில், அடுத்து வரப்போகும் பாட்டு இடக்காதில். நிமிடத்துக்கு 122 தாள அடி போகும் பாட்டோடு 125 தாள அடி போகும் பாட்டைச் சேர்க்க வேண்டுமானால், புதியதன் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து இரண்டின் அடியையும் ஒன்றின்மேல் ஒன்று விழவைப்பார். பிறகு பழைய பாட்டின் அடிநாதத்தை, அதாவது கனத்த பேஸ் ஒலியை, முழுக்க இறக்கிவிட்டுப் புதியதன் அடிநாதத்தை ஏற்றுவார். இரண்டு அடிநாதமும் ஒன்றாக ஒலித்தால் குழம்பிவிடும். ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் முழுக்க வேறு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். ஆடுகிறவர்களில் ஒருவர்கூடத் தலை நிமிர்ந்து பார்த்திருக்கமாட்டார். 1960களின் இறுதியில் நியூயோர்க்கில் பிரான்சிஸ் கிராசோ என்ற டிஜே பிரபலமாக்கிய கலை இது. பாட்டுகளுக்கு நடுவில் இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்வதே அதன் உயிர். ஆடுகிறவர் நின்றால் தன்னை நினைப்பார், வீட்டை நினைப்பார், நாளைக்கு வேலை என்று நினைப்பார். நிற்காதவரை அவருக்கு அந்த நினைப்பு இல்லை.

இதைக் குறைவாக எண்ணாதீர்கள். என் மனைவியின் உயரம் நாலடி பத்து அங்குலம். இசை நிகழ்ச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனால் அவள் இரண்டு மணித்தியாலம் பார்ப்பது முன்னால் நிற்பவர்களின் முதுகைத்தான். எங்கள் குழுவின் நிகழ்ச்சியிலேயே ஒருமுறை, "நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள்?" என்று கேட்டாள். எனக்கு மனம் கனத்துவிட்டது. உப்புவெளியில் அவளுக்கு அந்தக் குறை இல்லை. அங்கே முன்வரிசையும் இல்லை, பின்வரிசையும் இல்லை, பார்க்க வேண்டிய மேடையும் இல்லை. சிறு வட்டங்களாக நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஆடுகிறார்கள். பருவம் முடியப்போகும் ஒரு நாள், வேலை நேரத்துக்குப் பின், அவள் கண்ணை மூடிக்கொண்டு ஆடியதைப் பார்த்தேன். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

ஆனால் அவள் தனியாக அங்கே போக முடியாது. இதையும் வெளிப்படையாகச் சொல்லத்தான் வேண்டும். திருவிழா இசை நிகழ்ச்சிக்கு ஊரே போகும், பாயை விரித்துப் பிள்ளைகளோடு இருந்து கேட்கும். கடற்கரையில் ஒரு தமிழ்ப் பெண் ஆடினால் அவள் வீடு போய்ச் சேருவதற்கு முன் கதை போய்ச் சேர்ந்துவிடும். இது மாற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். கேட்டவர் பெண்ணாக இருந்தால், நம்பிக்கையான இரண்டு மூன்று பேரோடு போங்கள், திரும்பி வர ஆட்டோவை முதலே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு இடத்திலும் ஜெனரேட்டர் நின்றுபோனதைக் கண்டிருக்கிறேன். இரண்டும் 2022இல், ஒரே வருடத்தில் நடந்தவை. மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு, டீசலுக்கு மைல் கணக்கில் வரிசை. மூதூர்ப் பக்கம் ஒரு கோவிலில் நாங்கள் பாடிக்கொண்டிருந்தபோது டீசல் தீர்ந்து ஜெனரேட்டர் இருமி நின்றது. மின்சாரம் இல்லாவிட்டால் என் பேஸ் கிட்டார் வெறும் மரம். ட்ரம்ஸுக்கு அந்தக் கவலை இல்லை. எங்கள் தம்பி அடியை விடவில்லை. இருட்டில் முதலில் பெண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் காலத்து ஈழத்துப் பொப் பாடல்கள் பாட்டிக்கும் தெரியும், பேரனுக்கும் தெரியும் அல்லவா! ஒன்று முடிய அடுத்ததை அவர்களே எடுத்தார்கள். நிர்வாகத்தில் ஒருவர் தன் உழவு இயந்திரத்திலிருந்து டீசலை இறக்கிக் கொண்டுவர இருபது நிமிடம் ஆயிற்று. விளக்கு எரிந்ததும் நாங்கள் சரணத்தின் நடுவில் புகுந்தோம். அப்போதுதான் தெரிந்தது, கூட்டத்தின் சுருதி எங்களுடையதைவிட அரைச்சுரம் ஏறியிருந்தது. அவர்களை இறக்கச் சொல்லவா முடியும்? விரலை ஒரு கட்டம் மேலே நகர்த்தி நாங்கள் ஏறினோம். வாத்தியத்தோடு நான் இருந்த இரவுகளில் அதற்கு இணையாக இன்னொன்று இல்லை.

ஓகஸ்டில் கடற்கரையிலும் அதேபோல நின்றது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் அடுத்த அடியை வைத்துவிட்டு அப்படியே நின்றார்கள். திடீரென்று அலையோசை பெரிதாகக் கேட்டது. கைபேசி வெளிச்சத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அரை மணித்தியாலம் சேர்ந்து ஆடியவர்கள், அப்போதுதான் அறிமுகமில்லாதவர்கள் ஆனார்கள். மெதுவாகக் கதிரைகளுக்குப் போனார்கள், சிலர் அறைக்கே போய்விட்டார்கள். பத்து நிமிடத்தில் மின்சாரம் வந்தது. ஆனால் மணல் திரும்ப நிறைய ஒரு மணித்தியாலம் சென்றது.

என் கணக்குக்கு அடங்காத ஒன்றும் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. பாலையூற்றில் போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் வாழ்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் பைலா என்ற ஆட்டப் பாட்டு தொடங்கினால் வயலினும் கிட்டாரும் ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்கு மூச்சு விடாமல் தாவும். ஆறு-எட்டு (6/8) தாளம் கால்களை நிற்கவிடாது. ஆட்கள் நேரில் நின்று வாசிக்கிறார்கள், இடைவெளியும் இல்லை, மணமகளின் பாட்டியும் ஆடுகிறார். அங்கே வயலின்காரர் ஆடுகிறவர்களின் காலைப் பார்த்தே வாசிக்கிறார். களைத்த கால்களைக் கண்டால் வேகத்தை இழுத்துப் பிடிக்கிறார். டிஜே இயந்திரத்தால் செய்வதை இவர் வில்லால் செய்கிறார். அழைப்புக் கிடைத்தால் வேறு எதையும் யோசிக்காமல் அங்கே போங்கள்.

காதைப் பற்றி ஒரு வார்த்தை. இத்தகைய இடங்களில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வரையறை தந்தது. இடைவெளி இல்லாத இடத்தில் காதுக்கும் ஓய்வு இல்லை என்பதால் நடன இரவில் கூடுதல் கவனம் வேண்டும். ஒலிபெருக்கிக்கு நேர் முன்னால் நிற்காதீர்கள். இசை நிகழ்ச்சியில் ஒலியைக் கட்டுப்படுத்துபவரின் மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அவர் தன் காதுக்குச் சரியாக வரும்படிதான் எல்லாவற்றையும் அமைத்திருப்பார். நுரையால் ஆன காதடைப்பான் பை ஓரத்தில் கிடந்தால் நல்லது. என் இடக்காதில் இரவில் ஒரு மெல்லிய இரைச்சல் இருக்கிறது. வந்ததிலிருந்து அது போகவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். முதலில் இசை நிகழ்ச்சிக்குப் போங்கள். தனியாகப் போனாலும் பரவாயில்லை, அங்கே தனியாக நிற்க விடமாட்டார்கள். பெரிய மைதானத்தைவிடச் சிறிய மண்டபம் நல்லது, தந்தி அறுந்தால் தெரிய வேண்டும். நடன விடுதிக்குப் போவதானால் உங்களுக்குப் பிடித்தவர்களோடு போங்கள். அது முகத்தோடு முகம் பார்க்கும் இடம், பார்க்க ஒரு முகம் வேண்டும்.

முடியும் விதமும் இரண்டிலும் வேறு வேறு. கடற்கரையில் யாரும் முடிவைப் பார்ப்பதில்லை, ஒவ்வொருவராகக் கழன்றுபோகிறார்கள். கடைசிப் பாட்டை ஏழெட்டுப் பேருக்குத்தான் டிஜே போடுகிறார். பருவக் காலத்தில் கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும். தொலைவில் வலை போட்டிருக்கும் மீனவர்களுக்குப் பாட்டு கேட்பதில்லை, அடி மட்டும் கேட்கிறதாம். அதிலிருந்தே நாங்கள் எப்போது மூடினோம் என்று மறுநாள் காலையில் சரியாகச் சொல்கிறார்கள்.

இசை நிகழ்ச்சி முடிந்தாலோ கூட்டம் போகாது. நகரத்துக்குள் வாசித்த இரவுகளில் நாங்கள் வயர் சுற்றி முடிக்கும்வரை பத்து இருபது பேர் மேடைக்கு முன்னால் பேசிக்கொண்டே நிற்பார்கள். மைதானம் ஓய்ந்துவிட்டது என்று நினைத்துக் கோட்டைப் பக்கத்து மான்கள் வந்து, சிந்திக் கிடக்கும் கச்சான் (நிலக்கடலை) கோதுகளையும் சோளப் பொத்திகளையும் முகரத் தொடங்கும். அந்தப் பத்துப் பேரில் யாராவது ஒருவர் அப்போதும் கடைசிப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பார்.