சைக்கிள் ஓட்டும் ஆர்வம் இரண்டே மாதத்தில் வடிந்துவிடுகிறது. எப்படி இலக்கு வைத்தால் நிலைக்கும்?

நீங்கள் வைத்திருப்பதாகச் சொன்ன இலக்குகள் மூன்று: மாதம் 1000 கிலோமீட்டர், மணிக்கு 25 கி.மீ. சராசரி, பத்து கிலோ எடைக் குறைப்பு. மூன்றுமே பாதிதான் உங்கள் கையில் இருக்கின்றன. மீதியைக் காற்றும் மழையும் ஆபீஸும் முடிவு செய்கின்றன.

சராசரி வேகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் மணிக்கு 25 கி.மீ. போகும்போது உழைப்பில் பாதிக்கு மேல் காற்றைத் தள்ளவே போகிறது. 10 கி.மீ. எதிர்க்காற்று வந்தால், அதே வேகத்தில் போகக் காற்றுக்கென்று செலவழிக்கும் உழைப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியும். வடகிழக்குப் பருவக்காற்றில் மாமல்லபுரம் வரை பறந்து போகலாம், திரும்பும்போது 18-ஐத் தொடவே மூச்சு வாங்கும். வீட்டுக்கு வந்து சராசரியைப் பார்த்து மனம் நொந்துபோவதில் அர்த்தமே இல்லை; அன்றைய எண்ணில் பாதி வானிலை.

வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை மணி நேரம் என்று வையுங்கள். தொடங்குகிறவருக்கு நான்கு நாள், ஐந்து மணி நேரம் போதும். இரண்டு நாள் 45 நிமிடம், பேச்சுத் துணை இருந்தால் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில். ஒரு நாள் ஒரு மணி நேரம், அதில் ஐந்து நிமிடம் அழுத்தி மிதித்து ஐந்து நிமிடம் தளர்த்துவதாக நான்கு முறை. ஞாயிறு இரண்டரை மணி நேரம். இந்த ஞாயிறு ஓட்டத்தை மட்டும் வாரம் 20 நிமிடம் கூட்டி, நான்காவது வாரம் எல்லாவற்றையும் பாதியாகக் குறையுங்கள். பலர் நின்றுபோவது அந்த வாரமும் குறைக்காமல் ஓட்டுவதால்தான். ஒரு நாள் தவறினால் தவறியதுதான், மறுநாள் சேர்த்து ஓட்ட வேண்டாம். தினமும் விடாமல் ஓட்டச் சொல்லி நச்சரிக்கும் ஆப் அறிவிப்பை அணைத்துவிடுங்கள்.

இதற்கு மேலே தேதி குறித்த ஒரு இலக்கு வேண்டும். என் பரிந்துரை பிஆர்எம் எனப்படும் நீண்டதூர சைக்கிள் ஓட்டங்களில் 200 கி.மீ. ஓட்டம். பிரான்ஸின் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் வகுத்த விதிகளின்படி நடப்பது. இது பந்தயம் இல்லை, முதலிடமும் கிடையாது. 13 மணி 30 நிமிடத்துக்குள், இடையிலுள்ள கட்டுப்பாட்டு நிலையங்களையும் நேரத்தோடு தொட்டு முடிக்க வேண்டும், அவ்வளவுதான். கணக்கைப் பாருங்கள்: 20 கி.மீ. வேகத்தில் மிதித்தால் 10 மணி நேரம், நிற்பதற்கு மூன்றரை மணி கிடைக்கும். 18-இல் மிதித்தால் 11 மணிக்குச் சற்று மேல், நிற்க இரண்டு மணி இருபது நிமிடம்தான். முதல் முறை கோட்டை விடுகிறவர்கள் பெரும்பாலும் காலால் தோற்பதில்லை. டீக்கடை பெஞ்சில் தோற்கிறார்கள். அதனால் ஞாயிறு ஓட்டத்தில் நிற்கும் நேரத்தையும் குறித்துவையுங்கள். நீண்ட ஓட்டம் 120 முதல் 140 கி.மீ. வந்துவிட்டால் பதிவு செய்யலாம்.

சாப்பாட்டுக்கும் ஒரு இலக்கு: மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் ஏறக்குறைய 25 கிராம். பசிக்கும்வரை காத்திருந்தால் தாமதம், முதல் மணியிலிருந்தே சாப்பிட வேண்டும். வெயிலில் மணிக்கு ஒரு பாட்டில் தண்ணீர். வெறும் தண்ணீராகவே நாள் முழுக்கக் குடித்தால் உடலில் உப்பு நீர்த்துப்போய்த் தலைவலியும் குமட்டலும் வரும். நடுவே உப்புப் போட்ட மோர் குடியுங்கள்.

"ஆர்வம் போச்சு" என்கிறவர்களில் பலருக்கு உண்மையில் வலிக்கிறது. முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு, பின்பக்கம் இழுத்தால் உயரம் என்பது பொதுவான கணக்கு. வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, ஒரு புத்தகத்தைக் கவட்டையில் மேல்நோக்கி அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளந்து 0.883-ஆல் பெருக்குங்கள். 80 செ.மீ. என்றால் 70.6. இரண்டு பெடல் கைகளும் சேரும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்மட்டம்வரை அந்த அளவு. அங்கிருந்து ஒரு முறைக்கு 3 மி.மீ.க்கு மேல் மாற்ற வேண்டாம்.

இன்னொரு இலக்கு, பெரும்பாலோர் நினைத்தே பார்க்காதது: பின்சக்கர டியூபை 15 நிமிடத்தில் மாற்றுவது. செயினை மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு இறக்கிவிட்டுச் சக்கரத்தைக் கழற்றுங்கள். புது டியூபைப் போடும் முன் டயரின் உட்புறம் முழுக்க விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். சீமைக்கருவேல முள் வெளியே ஒடிந்து, நுனி மட்டும் உள்ளே நிற்கும். அதை எடுக்காவிட்டால் அடுத்த டியூபும் போகும். டியூபில் உருண்டை வரும் அளவுக்குக் கொஞ்சம் காற்றடித்த பிறகே உள்ளே வையுங்கள். தட்டையாக வைத்தால் ரிம்முக்கும் டயருக்கும் நடுவே நசுங்கி ஓட்டையாகும். டயர் விளிம்பை வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி வால்வில் முடியுங்கள், அங்கேதான் கடைசி இழுப்புக்குத் தளர்வு கிடைக்கும். லீவரால் நெம்பினால் டியூபைக் கடித்துவிடும்.

முன்னேற்றத்தை எண்ணில் பார்த்தே ஆகவேண்டும் என்றால் மேட்டில் பாருங்கள். சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு இருக்கிறது, அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். மணிக்கு 8, 9 கி.மீ. வேகத்தில் காற்று பெரிதாகக் குறுக்கிடாது, உழைப்பெல்லாம் எடையைத் தூக்கவே போகிறது. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோவில் 3 கிலோ குறைந்தால், அதே உழைப்புக்கு நேரம் ஏறக்குறைய 3.5 சதவீதம் குறையும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை போதும்.

200 முடிந்த கையோடு 300-க்குப் பெயர் கொடுக்காதீர்கள். அதன் கெடு 20 மணி நேரம், இருட்டில் ஓட்டியே ஆகவேண்டும். முதலில் லைட்டை வீட்டில் எரியவிட்டு எத்தனை மணி தாங்குகிறது என்று பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் ஆகக் குறைந்த வெளிச்சத்துக்கானது. பிறகு தெரிந்த சாலையில், துணையோடு, இரவில் மூன்று மணி நேரம்.