தடித்த பிடிதுணிக்கு ஓரப் பட்டி வைப்பது எப்படி?

கேள்வி: சூடான பாத்திரம் இறக்குவதற்கு வீட்டிலேயே பிடிதுணி தைக்கிறேன். 8 அங்குலச் சதுரம். மேலே ஒட்டுத்துணி, நடுவில் இரண்டு அடுக்குப் பஞ்சு விரிப்பு, அடியில் காட்டன். அடுக்குகளைச் சேர்த்துப் பிடிக்கும் உள்தையல் நன்றாக வருகிறது. ஓரத்துக்கு 2 அங்குலப் பட்டியை இரண்டாக மடித்து வைத்தால், மறுபக்கம் அங்கங்கே தையலில் மாட்டுவதில்லை. மூலைகள் உருண்டு திரண்டு நிற்கின்றன. இரண்டு முறை துவைத்தால் ஓரம் பிரிந்துவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: பட்டி பத்தவில்லை, அதுதான் காரணம். ஒரு சின்னக் கணக்குப் போட்டால் புரியும். கால் அங்குலம் உள்ளே விட்டுத் தைக்கிறீர்கள். அங்கிருந்து பட்டி திரும்பி விளிம்புக்கு வரக் கால் அங்குலம். விளிம்பைத் தாண்டப் பிடிதுணியின் தடிமன். மறுபக்கம் போய்த் தையலை மறைக்க இன்னொரு கால், அதற்கு மேல் பிடிப்புக்கு அரைக்கால் (⅛). தடிமன் கால் அங்குலம் என்றால் மடித்த பட்டி 1⅛ அங்குலம் வேண்டும், விரித்தால் 2¼. இரண்டு அடுக்குப் பஞ்சு என்பதால் உங்களுடையது கால் அங்குலத்தையும் தாண்டும். 2½ அங்குலமாக வெட்டுங்கள். நீங்கள் வைத்த 2 அங்குலப் பட்டியை எவ்வளவு இழுத்துத் தைத்தாலும் அந்தக் குறை தீராது.

பட்டி வைக்கும் முன் ஓரத்தை அமுக்கிவிட வேண்டும். பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உள்தையல் போட்டால் துணி சுருங்கும், சதுரமும் கொஞ்சம் கோணும். அதனால் முதலில் 9 அங்குலமாக வெட்டி, உள்தையல் முடிந்த பிறகு ஸ்கேல் வைத்து 8 அங்குலத்துக்கு நறுக்குங்கள். அப்புறம் விளிம்பிலிருந்து அரைக்கால் அங்குலம் உள்ளே சுற்றிலும் ஒரு தையல். ஜிக்ஜாக் போட முடிந்தால் இன்னும் நல்லது. உப்பி நிற்கும் பஞ்சு படிந்து, எல்லா அடுக்கும் ஒரே துணி மாதிரி நடந்துகொள்ளும். இந்தத் தையல் பட்டிக்குள் மறைந்துவிடும், கோணலாக வந்தாலும் கவலையில்லை.

சதுரத்துக்கு நேர் இழையில் வெட்டிய பட்டி போதும். மூலையை வளைவாக வெட்டினால் மட்டும் க்ராஸ் பீஸ், அதாவது துணியின் இழைக்குக் குறுக்கே சாய்வாக வெட்டிய பட்டி, வேண்டும். வளைவில் அதை இழுத்துப் பிடித்துத் தைக்காதீர்கள். பிடிதுணி கிண்ணம் மாதிரி குவிந்துவிடும். பட்டியும் நூலும் காட்டனாகவே இருக்கட்டும். பாலியஸ்டர் சுமார் 250 டிகிரி செல்சியஸில் உருகும், அதற்கு முன்பே இளகத் தொடங்கும். காய்ந்த இரும்புச் சட்டியின் கைப்பிடியைப் பிடிக்கிற துணி இது. இதில் மட்டும் சமரசம் வேண்டாம்.

மிஷினிலேயே முடிப்பதானால் பட்டியை முதலில் பின்பக்கத்தில் வைத்துத் தையுங்கள். பிறகு முன்பக்கம் புரட்டி, மடிப்பின் ஓரத்தை ஒட்டித் தையல் ஓட்டுங்கள். கண்ணால் பார்த்துக்கொண்டே தைப்பதால் முன்பக்கம் விட்டுப்போக வழியில்லை. இவ்வளவு தடிமனில் குண்டூசி துணியை வளைக்கும், கிளிப் மாட்டுங்கள். 16-ம் நம்பர் ஊசி, 3 மில்லிமீட்டர் தையல். மேல் துணியையும் கீழ்த் துணியையும் சேர்த்தே நகர்த்தும் வாக்கிங் ஃபுட் இருந்தால் மாட்டுங்கள். இல்லையென்றால் துணியை அமுக்கும் ஃபுட்டின் பிரஷரைக் குறைத்து, மெதுவாக ஓட்டுங்கள்.

இனி மூலை. பட்டியைத் தைத்துக்கொண்டு வந்து, விளிம்புக்குச் சரியாகக் கால் அங்குலம் இருக்கும்போது நிறுத்துங்கள். இரண்டு தையல் பின்னால் ஓட்டி நூலை வெட்டுங்கள். பிடிதுணியைத் திருப்பி, அடுத்த பக்கம் உங்களுக்கு நேராக வரும்படி வையுங்கள். பட்டியை நேர் மேலே தூக்கினால் மூலையில் ஒரு சாய்வு மடிப்பு விழும். அதை விரலால் அமுக்கிக்கொண்டே பட்டியைக் கீழே இறக்குங்கள். மேலே விழும் மடிப்பு இப்போது தைத்து முடித்த பக்கத்தின் விளிம்போடு ஒட்டி நிற்க வேண்டும். அந்த விளிம்பிலிருந்தே அடுத்த தையலைத் தொடங்குங்கள். முன்பக்கம் புரட்டும்போது சாய்வு மடிப்பு தானாக விழும். பின்பக்கம் எந்தத் திசையில் மடிந்ததோ, முன்பக்கம் அதற்கு எதிர்த்திசையில் மடித்தால் தடிமன் இரண்டு பக்கமும் பிரிந்துவிடும், மூலை உருளாது. கால் அங்குலத்தில் நிறுத்தாமல் விளிம்பு வரை தைத்துவிட்டால் மடிப்பு விழவே விழாது. அந்த இரண்டு மூன்று தையலைப் பிரித்துவிடுங்கள்.

பட்டியின் இரண்டு முனைகளையும் இணைப்பது இவ்வளவு சின்னத் துணியில் பெரும்பாடு. நான் அதைத் தவிர்த்துவிடுவேன். மாட்டிவைக்கக் காது வேண்டிய மூலையிலிருந்தே பட்டியைத் தொடங்குவேன். 42 அங்குல நீளம் போதும். மூன்று மூலைகள் திரும்பி, நான்காவது பக்கம் முடியும் முன் நிறுத்தி, முதலில் தைத்த பட்டியை முன்பக்கம் புரட்டிக் கிளிப் போடுங்கள். அதன் மேலேயே தைத்து வெளியே வாருங்கள். தொடங்கிய பிசிர் முனை உள்ளே போய்விடும். மிச்சமிருக்கும் வாலை 6 அங்குலத்துக்கு நறுக்கி, அதன் பிசிர்களை உள்ளே மடித்து, ஓரம் தைத்து, வளைத்து மூலையின் பின்பக்கம் வைத்து நான்கைந்து முறை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். இந்த இடத்தில் அடுக்குகள் அதிகம். மோட்டாரை நம்பாமல் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், ஊசி உடையாது.