மருத்துவ அறிக்கையில் காயம் இல்லை, பார்த்த சாட்சியும் இல்லை என்றால் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்கு நிற்காதா?

நிற்கும். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், இது உங்கள் வீட்டிலோ நெருங்கிய உறவிலோ நடந்திருக்க வேண்டும் என்றும், விவரம் தெரிந்தவர் என்று பெயரெடுத்த யாரோ ஒருவர் ‘வீணாக அலையாதீர்கள்’ என்று சொல்லியிருக்க வேண்டும் என்றும் தோன்றுகிறது. எங்கள் ஊரிலும் அதே பேச்சைக் கேட்டேன். நான் வழக்கறிஞர் அல்ல. காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து, இப்படியொரு வழக்கில் அரசுத் தரப்புச் சாட்சியாகக் கூண்டேறியவள். பாதிக்கப்பட்ட பிள்ளையின் அடையாளம் வெளிப்படக்கூடாது என்பது சட்டம் என்பதால் ஊர், ஆண்டு, உறவுமுறை எதையும் சொல்லமாட்டேன்.

அந்தச் சிறுமி வாய் திறந்ததே பல வாரங்கள் கழித்து, தன் வகுப்பாசிரியையிடம்தான். அதன்பின் நடந்த பரிசோதனையில் காயம் எப்படி இருக்கும்? தொடுகையோடு நின்ற குற்றமாக இருந்தால் அன்றைக்கே பார்த்தாலும் தடயம் இல்லாமல் போகலாம். பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் நம்பத்தக்கதாக இருந்தால் வேறு ஆதாரம் தேடவேண்டிய கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1996இல் குர்மித் சிங் வழக்கிலேயே சொல்லிவிட்டது. பள்ளியின் பெயர் கெட்டுவிடும், புகார் வேண்டாம் என்று நிர்வாகத்தில் சிலர் என்னிடம் சொன்னார்கள். தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது போக்சோ சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி குற்றம் என்பதை அவர்களுக்கு எழுத்திலேயே கொடுத்தேன்.

வழக்கில் பெரிய சண்டை வயதைப் பற்றித்தான். பிள்ளை 18 வயதுக்கு உட்பட்டவர் என்று நிறுவப்படாவிட்டால் போக்சோ சட்டமே பொருந்தாது. அவள் வீட்டிலேயே பிறந்தவள், பிறப்புச் சான்றிதழ் இல்லை. பள்ளிச் சான்றும் உள்ளாட்சியின் பிறப்புச் சான்றும் இல்லாதபோதுதான் வயதைக் கணிக்கும் எலும்புப் பரிசோதனைக்குப் போகவேண்டும் என்பது இளையோர் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு. ஆகவே எங்கள் சேர்க்கைப் பதிவேடு நீதிமன்றத்துக்குப் போயிற்று. அதிலிருந்த பிறந்த தேதியைச் சொன்னது யார் என்று குறுக்கு விசாரணையில் கேட்டார்கள். தந்தை கையொப்பமிட்ட சேர்க்கை விண்ணப்பத்தை நான் பத்திரமாக வைத்திருந்தேன், எடுத்துக் கொடுத்தேன். இதை இன்றைக்கும் பெருமையாகவே நினைக்கிறேன்.

நடந்த தேதி பிள்ளைக்குத் தெரியவில்லை. மஞ்சுவிரட்டுக்கு முந்தின நாள் என்று மட்டும் சொன்னாள். அதை எதிர்த்தரப்பு முரண்பாடாக்கப் பார்த்தது. ஆனால் மஞ்சுவிரட்டு என்றைக்கு நடந்தது என்பது ஊருக்கே தெரியும். அதை அடுத்து அவள் தொடர்ந்து பள்ளிக்கு வராததை வருகைப் பதிவேடு காட்டியது. குற்றவாளி எனத் தீர்ப்பானது.

பொய் வழக்குகள் பெருகிவிட்டன என்று இதன் கீழே எழுத வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். குற்றம் சாட்டப்பட்டவரே குற்றத்தைச் செய்தார் என்று நீதிமன்றம் கொள்ளும் போக்சோ 29ஆம் பிரிவின் அனுமானம், அரசுத் தரப்பு அடிப்படை உண்மைகளை நிறுவிய பிறகே வரும். அதையும் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், தன் சாட்சியத்தால் உடைக்கலாம். அப்பாவிக்குக் காப்பு இல்லை என்பது சரியல்ல.

என் மனதில் ஆறாமல் இருப்பது காலதாமதம். நீதிமன்றம் வழக்கைக் கையிலெடுத்த 30 நாளுக்குள் பிள்ளையின் சாட்சியத்தைப் பதிவுசெய்ய வேண்டும், கூடுமானவரை ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்கிறது 35ஆம் பிரிவு. அது நடக்கவில்லை. வாய்தா வாய்தாவாகச் சிவகங்கைக்குப் போய் வந்துகொண்டிருந்த இடைவெளியில்தான் ஊர்ப் பெரியவரான அம்பலகாரர் வீட்டில் சமரசப் பேச்சு நடந்தது, பிள்ளையின் தாய் முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ் சாட்சியானார். கூலி வேலையை விட்டுவிட்டு வந்துபோன அந்தப் பெண்ணை நான் குறை சொல்லமாட்டேன், அவரைக் களைக்கவைத்தவர்களைத்தான் சொல்வேன். சமரசம் ஆயிற்று என்பதற்காக இத்தகைய வழக்கை ரத்து செய்ய முடியாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

உங்களுக்கு: பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால் பள்ளிப் பதிவேடு எங்கே இருக்கிறது என்பதை இப்போதே விசாரணை அதிகாரியிடம் சொல்லுங்கள். வழக்கு முழுவதும் பிள்ளைக்குத் துணையாக இருக்கும் ஆதரவு நபர் ஒருவரை நியமிக்கும்படி குழந்தைகள் நலக் குழுவிடம் கேளுங்கள். எதிர்த்தரப்பின் கேள்விகள் நீதிபதி வழியாகத்தான் வரும், எதிரியை நேருக்கு நேர் பார்க்கவேண்டி இராது என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள். ஆனால் என்ன சொல்லவேண்டும் என்று ஒரு சொல்கூடச் சொல்லிக்கொடுக்காதீர்கள், அப்பத்தாவோ அத்தையோ அன்பினால் சொல்லிக்கொடுத்தாலும் தடுத்துவிடுங்கள். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு முதலில் தேடுவது அதைத்தான்.