செமிகோலன் போட்டு ரெண்டு கொயரி

கேள்வி: கடைக்கு ஒரு பில்லிங் புரோகிராம் பிஎச்பில எழுதுறேன் சார். பில் டேபிள்ல ஒரு இன்சர்ட், ஸ்டாக் டேபிள்ல ஒரு அப்டேட், ரெண்டையும் செமிகோலன் போட்டு ஒரே ஸ்ட்ரிங்கா மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்கு அனுப்பினா 1064 எரர் (சின்டாக்ஸ் தப்புன்னு) வருது. அதையே காப்பி பண்ணி டெர்மினல்ல போட்டா சூப்பரா ஓடுது. ஏன்?

பதில்: டெர்மினல்ல ஓடுறதுக்குக் காரணம் சர்வர் இல்லங்க, அந்த மைஎஸ்க்யூஎல் கிளையன்ட் புரோகிராமே செமிகோலனைப் பாத்து வெட்டி ஒண்ணொண்ணா அனுப்புது. உங்க கோடு மொத்தத்தையும் ஒரே கட்டா அனுப்புது, சர்வர் ஒரு கொயரிதான் வரும்னு உக்காந்திருக்கு. எரர் மெசேஜ்ல 'நியர்'னு போட்டு என்ன காட்டுதுன்னு பாருங்க, கரெக்டா உங்க அப்டேட்லதான் ஆரம்பிக்கும்.

பிஎச்பியோட மைஎஸ்க்யூஎல்ஐ எக்ஸ்டென்ஷன்ல இதுக்குன்னே மல்டி கொயரின்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, ஜாவால கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்ல 'அலோ மல்டி கொயரிஸ்' ட்ரூன்னு போடணும். ஆனா உங்க வேலைக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். மல்டி கொயரி ட்ரூ ஃபால்ஸ்னு சொல்றது முதல் கொயரியைப் பத்தி மட்டும்தான், ரெண்டாவது ஊத்திக்கிட்டா அடுத்த ரிசல்ட்டை நீங்களா கேட்டாத்தான் தெரியும், கேக்காம அடுத்த கொயரி போட்டீங்கன்னா 2014, 'கமாண்ட்ஸ் அவுட் ஆஃப் சிங்க்'னு திட்டும். அதோட இதுல பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் (கொயரி தனி, வேல்யூ தனின்னு அனுப்புற முறை) கிடையாது, கஸ்டமர் பேரை அப்படியே ஸ்ட்ரிங்ல ஒட்டினா, எவனாவது அந்த பாக்ஸ்ல ஒரு சிங்கிள் கோட் குறியும் (') செமிகோலனும் போட்டு டிராப் டேபிள்னு அடிச்சுட்டுப் போயிடுவான்.

முக்கியமா, ஒண்ணா அனுப்பினா ஒண்ணா நடக்கும்னு நினைக்காதீங்க. ஆட்டோகமிட் (ஒவ்வொரு கொயரியும் முடிஞ்சதும் தானா சேவ் ஆகுறது) ஆன்ல இருந்து ரெண்டாவது ஊத்திக்கிட்டா பில் ஏறிடும், ஸ்டாக் குறையாம நிக்கும். உங்களுக்கு வேண்டியது, ரெண்டும் நடக்கணும் இல்லன்னா ரெண்டுமே நடக்கக்கூடாதுன்னு கட்டுற டிரான்சாக்‌ஷன்: பிகின் பண்ணுங்க, ரெண்டு கொயரியையும் தனித்தனி பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்டா ஓட்டுங்க, ரெண்டும் ஓகேன்னா கமிட் (சேவ்), இல்லன்னா ரோல்பேக் (பழையபடி திருப்புறது). நடுவுல வேற பில் புகுந்து இன்சர்ட் ஐடி (புது பில்லுக்குத் தானா விழுற நம்பர்) மாறிடுமோன்னு பயமே வேண்டாம், லாஸ்ட் இன்சர்ட் ஐடி கனெக்‌ஷனுக்கு கனெக்‌ஷன் தனி. டேபிள் ரெண்டும் இன்னோடிபிங்கிற ஸ்டோரேஜ் வகை தானான்னு மட்டும் பாத்துக்கங்க, பழைய மைஐஎஸ்ஏஎம்னா ரோல்பேக் சொன்னாலும் காதுல வாங்காது.

மல்டி கொயரியை முதல் தடவை டேபிள் கிரியேட் பண்ற ஸ்கிரிப்ட்டுக்கு வச்சுக்கங்க. அதுல 'டெலிமிட்டர்'னு (செமிகோலனுக்குப் பதிலா வேற முடிவுக்குறி வைக்கிற) லைன் இருந்தா எடுத்துடுங்க, அதுவும் டெர்மினல் கிளையன்ட்டோட கமாண்ட்தான், சர்வருக்குப் புரியாது.