குழுவில் சிரிக்கிறேன், அப்புறம் ஏன் படுக்கையை விட்டு எழ முடியவில்லை?

கேள்வி: எனக்கு வயது 23. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்த்தேன், போன வருடம் வேலை போய்விட்டது. ஏழெட்டு மாதமாக எதிலும் மனம் ஒட்டவில்லை. குளிக்கக்கூடத் தோன்றாது. விடியற்காலை 4 மணிக்குத்தான் தூக்கம் வருகிறது. நான் பிடிஎஸ் என்ற கொரிய இசைக்குழுவின் ரசிகை. ரசிகைகளான எங்களுக்கென்று டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் ஒரு குழு இருக்கிறது. இந்தியா, பிலிப்பைன்ஸ், பிரேசில் என்று பல நாட்டுப் பெண்கள். அங்கே போனால் மட்டும் சிரிக்கிறேன், பேசுகிறேன். குழுவில் ஒருத்தி அனுப்பிய, மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 கேள்விகளுக்குப் பதில் போட்டதில் 16 வந்தது. சிரிக்கிறவளுக்கு எப்படி டிப்ரஷன் இருக்கும்? அம்மா, "அந்தப் போனைத் தூக்கிப் போட்டா எல்லாம் சரியாயிடும்" என்கிறார். குழுவில் இன்னொரு பெண்ணும் என்னைப் போலத்தான். சில ராத்திரி "செத்துப்போகலாம் போல இருக்கு" என்று மெசேஜ் போடுவாள். விடிய விடிய அவளோடு பேசிக்கொண்டிருப்பேன். இந்தக் குழு இல்லையென்றால் நான் இருந்திருப்பேனா என்றே தெரியவில்லை. இதை விட்டுவிட வேண்டுமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: குழுவை விட வேண்டாம். அந்தப் பயம்தான் உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் குழு இருக்கிறதே என்று சிகிச்சையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

சிரிப்பு வருவதால் மனச்சோர்வு இல்லை என்று ஆகிவிடாது. பிடித்தவர்களோடு பேசும்போதும், நல்ல செய்தி வரும்போதும் கொஞ்ச நேரம் மனம் மேலே வந்துவிட்டு, அப்புறம் பழைய இடத்துக்கே போய்விடுவது பலருக்கு நடக்கிறது. அதனால்தான் வீட்டில் இருப்பவர்களும், சில சமயம் நோயாளியும், இதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடுகிறார்கள். குழுவில் நீங்கள் சிரிக்கும் சிரிப்பு நடிப்பில்லை. குளிக்க முடியாமல் படுத்திருப்பதும் நடிப்பில்லை.

நீங்கள் நிரப்பிய கேள்வித்தாள் மருத்துவர்களான நாங்களும் பயன்படுத்துவதுதான். கடந்த 2 வாரம் எப்படி இருந்தீர்கள் என்று 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. அது மட்டும் வைத்து நோய் என்று முடிவு செய்ய மாட்டோம். ஆனால் 10 வந்தாலே மருத்துவரிடம் பேச வேண்டும். உங்கள் 16 ஓரளவு கடுமையான நிலை. கடைசிக் கேள்வி, செத்துவிட்டால் நல்லது என்ற நினைப்பு வருகிறதா என்பது. அதற்கு என்ன போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. 'நான் இருந்திருப்பேனா' என்று எழுதியிருப்பதால் நேராகவே கேட்கிறேன்: உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு உங்களுக்கும் வருகிறதா? எப்படி என்று யோசிக்கும் அளவுக்குப் போயிருந்தால், படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

சரி, குழுவுக்கு வருகிறேன். அங்கே உங்களுக்கு இரண்டு உறவுகள் இருக்கின்றன. ஒன்று பிடிஎஸ் பாடகர்கள் ஏழு பேரோடு. அவர்களை உங்களுக்கு நன்றாகத் தெரியும், உங்களை அவர்களுக்குத் தெரியாது. தொலைக்காட்சி புதிதாக வந்த காலத்திலேயே, 1956இல், டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த ஒருவழிப் பழக்கத்தைப் பற்றி எழுதினார்கள். இதை நோயென்று நான் நினைக்கவில்லை. அவர்களில் ஒருவரான சுகா தன் மனச்சோர்வைப் பற்றி வெளிப்படையாகப் பாடியவர். 2017இல் யூனிசெஃப்போடு சேர்ந்து, உன்னை நீயே நேசி என்று ஒரு பிரசாரத்தையே அவர்கள் தொடங்கினார்கள். மனம் உடைந்த ஒரு பெண் அந்தப் பாட்டில் ஆறுதல் தேடுவதில் வியப்பே இல்லை. ஆனால் அந்த உறவு எப்போது இடைவெளி விடும் என்பது உங்கள் கையில் இல்லை. 2022இல் குழுவாகப் பாடுவதை நிறுத்தி, ஒவ்வொருவராக ராணுவ சேவைக்குப் போனார்கள். எல்லோரும் முடித்து வர 2025 ஜூன் ஆனது. காலையில் எழுந்திருக்க இருந்த ஒரே காரணமும் போனதைப் போல அந்த இடைவெளியில் தவித்த ரசிகர்கள் உண்டு. இனி எந்தக் காரணத்தால் இடைவெளி வந்தாலும் அதைத் தாங்கும்படி உங்கள் நாள் இருக்க வேண்டும்.

இன்னொன்று அந்தப் பெண்களோடு. இது இரண்டு பக்கமும் போய் வருகிற உண்மையான நட்பு. வேலை போனபின் உங்களை யார் கூப்பிட்டுப் பேசினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவர்கள்தானே? ஆனாலும் அவர்களால் முடியாதவை சில உண்டு. நீங்கள் இன்று சாப்பிட்டீர்களா, எடை குறைந்துவிட்டதா, முடி வாரி எத்தனை நாள் ஆயிற்று என்பதெல்லாம் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போட்டால் சில மணி நேரம் சூடு இறங்கும். காய்ச்சலுக்குக் காரணமானது உள்ளே அப்படியேதான் இருக்கும். உங்கள் குழுவும் இப்போது அந்த வேலையைத்தான் செய்கிறது. அதுவும் தேவைதான், அது மட்டும் போதாது.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். நமக்கு இரவு 1 மணி என்றால் பிரேசிலின் சாவ் பாலோவில் மாலை 4:30. அந்தத் தோழிகள் வேலை, படிப்பு முடித்துக் குழுவுக்கு வருகிற நேரத்தில் நீங்கள் தூங்கியிருக்க வேண்டும். கம்பேக், அதாவது புதுப் பாட்டு வெளியாகும் சமயத்தில், அதைத் திரும்பத் திரும்ப ஓடவிடும் ஸ்ட்ரீமிங், வோட்டிங் என்று இன்னும் சில மணி நேரம் போகும். மனச்சோர்வு தூக்கத்தைக் கெடுக்கும், கெட்ட தூக்கம் மனச்சோர்வை இன்னும் கூட்டும். போனைத் தூக்கிப் போடச் சொல்லும் அம்மாவோடு நான் உடன்படவில்லை. ஆனால் அவர் கண்ணில் படுகிற ராத்திரி விழிப்பு நிஜம். படுக்கும் நேரத்தை முதலில் 2 மணிக்கு, அடுத்த வாரம் 1 மணிக்கு, அப்புறம் 12க்கு என்று நகர்த்துங்கள். போன் வேறு அறையில் சார்ஜ் ஆகட்டும். கொரியாவில் நள்ளிரவுக்கு வருகிற அறிவிப்பு நமக்கு இரவு 8:30க்கே வந்துவிடுகிறது, எதையும் தவறவிட மாட்டீர்கள். ஸ்ட்ரீமிங் செய்யாவிட்டால் குற்ற உணர்ச்சி வருகிறது என்றால், ரசிகர்களுக்குள் சண்டையைப் படித்துவிட்டுப் படபடப்பாக இருக்கிறது என்றால், அந்தப் பகுதியை மட்டும் மியூட் செய்யுங்கள். போனைக் கீழே வைத்து அரை மணி நேரம் கழித்து உங்கள் மனம் எப்படி இருக்கிறது என்று சில நாள் குறித்துவையுங்கள். எதை வைத்துக்கொள்வது, எதைக் குறைப்பது என்று அதிலேயே தெரியும்.

உங்கள் தோழியைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. அவள் உங்களை நம்பிச் சொல்கிறாள், நீங்களும் விட்டுப் போகாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். அது பெரிய விஷயம். ஆனால் ஓர் உயிரை நீங்கள் ஒருவரே, அதுவும் இந்த நிலையில், ராத்திரி முழுக்கத் தாங்க முடியாது. தாங்கவும் கூடாது. அடுத்த முறை அவள் அப்படிச் சொன்னால், "தற்கொலை பண்ணிக்கணும்னு நினைக்கிறியா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பேசுவதற்கு வழி திறக்கும். அவள் எந்த ஊர், வீட்டில் யார் இருக்கிறார்கள், யாருடைய எண்ணையாவது தருவாளா என்று அவள் நன்றாக இருக்கும் ஒரு பகல் நேரத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். இந்தியாவில் இருக்கிறாள் என்றால் 14416, உடனடி ஆபத்து என்றால் 112. வெளிநாடு என்றால் அந்த நாட்டு உதவி எண்ணை இன்றே தேடி வையுங்கள். குழுவை நடத்துபவர்களிடமும் சொல்லுங்கள். "யாரிடமும் சொல்லாதே" என்று அவள் சத்தியம் வாங்கியிருந்தாலும், உயிர் விஷயத்தில் அதை நீங்கள் காப்பாற்ற வேண்டியதில்லை.

உங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்தும் இலவசம். உங்களுக்கு 18 வயது தாண்டிவிட்டதால் யாருடைய அனுமதியும் தேவையில்லை. நீங்கள் சொல்வதை ரகசியமாகக் காக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமே சொல்கிறது. தைராய்டு, ரத்தசோகைக்கு ரத்தப் பரிசோதனை எழுதலாம். அவையும் இப்படிச் சோர்வைக் கொண்டுவரும். குழுவைப் பற்றி வெட்கப்படாமல் சொல்லுங்கள், உங்களுக்கு எது பிடித்திருக்கிறது என்பது சிகிச்சைக்கு உதவும் தகவல்.

பேச்சு சிகிச்சையும் மருந்தும் இரண்டுமே பலன் தரும். உங்கள் நிலைக்குப் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே தருவார்கள். மருந்து வேலை செய்ய 2 முதல் 4 வாரம் ஆகும். சரியான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும், நீங்களாகத் திடீரென நிறுத்தக் கூடாது. 25 வயதுக்குக் கீழே உள்ள சிலருக்கு முதல் சில வாரங்களில் பதற்றமும் தற்கொலை எண்ணமும் கூடலாம். அதனால் ஒரு வாரத்திலேயே மறுபடி வரச் சொல்வார்கள், தவறாமல் போங்கள். அந்த நாட்களில் உங்களைக் கவனிக்க வீட்டில் ஒருவர் வேண்டும். முடிந்தால் அம்மாவையே கூட்டிக்கொண்டு போங்கள். போனைப் பற்றி அவர் கேட்க நினைப்பதை மருத்துவரிடமே கேட்கட்டும்.