ஆட்கள் வரட்டும், பிரசுரம் வேண்டாம்

கேள்வி: நான் ஒரு சிறிய கிளை நூலகத்தில் நூலகராக இருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு மாலை நேரத்தில் சொல்லிக்கொடுக்க ஆட்களை அனுப்புவதாக ஒரு வழிபாட்டுக் குழுவினர் முன்வந்திருக்கிறார்கள். ஆனால் வகுப்பைப் பிரார்த்தனையோடு தொடங்க வேண்டும், தங்கள் துண்டுப் பிரசுரங்களை மேசையில் வைக்க வேண்டும் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: ஆட்களுக்குச் சரி என்று சொல்லுங்கள், பிரார்த்தனைக்கும் பிரசுரத்துக்கும் முடியாது என்று சொல்லுங்கள். இரண்டையும் ஒரே நாளில், நேரில் உட்கார்ந்தே பேசிவிடுங்கள். பாதி வழியில் போய்ச் சொன்னால்தான் மனம் புண்படும்.

இந்த உதவியை விட்டுவிடாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. படிக்கத் தெரியாத ஒருவர் நூலக வாசலைத் தாண்டி வரவே கூச்சப்படுவார். வாராவாரம் போகிற வழிபாட்டு இடத்தில், தனக்குப் பழக்கமான ஒருவர் "வாங்க, நானும் கூட வரேன்" என்று அழைத்தால் வந்துவிடுவார். அந்த நம்பிக்கையை நாம் நோட்டீஸ் ஒட்டி உண்டாக்க முடியாது. இது புதிய விஷயமும் இல்லை. இங்கிலாந்தின் குளோஸ்டரில் 1780-ல் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகையாளர் தொடங்கிய கிறிஸ்தவ ஞாயிறு பள்ளி, வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு கொடுத்தது. அந்த நாட்டில் பொது நூலகச் சட்டம் வந்ததே 1850-ல்தான்.

அதே சமயம் நூலகம் எல்லோருக்கும் பொது. யுனெஸ்கோவின் பொது நூலக அறிக்கை (1994) மத வேறுபாடு பாராமல் அனைவருக்கும் சமமாகச் சேவை தர வேண்டும் என்கிறது. வேறு நம்பிக்கை உள்ளவரோ நம்பிக்கையே இல்லாதவரோ வந்து உட்காரும்போது முதலில் பிரார்த்தனை நடந்தால், அவர் அடுத்த வாரம் வரமாட்டார், ஏன் வரவில்லை என்றும் சொல்லமாட்டார். அதுதான் எனக்குப் பெரிய கவலை. அவர்கள் தங்கள் இடத்திலேயே பிரார்த்தனையை முடித்துவிட்டு வரட்டுமே, அதில் யாருக்கும் குறை இல்லை.

பேசியதை ஒரு பக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். வருகிறவரின் மதம் என்ன என்று கேட்கக் கூடாது, பெயரையும் முகவரியையும் குழுவின் மற்ற வேலைகளுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது, நாளை வேறொரு குழு வந்தாலும் இதே விதிதான். இந்த மூன்றும் அதில் கட்டாயம் இருக்கட்டும். அப்புறம், நீங்களும் ஒன்று கொடுங்கள்: அவர்கள் இடத்தில் ஒரு அலமாரி நூலகப் புத்தகம் வையுங்கள். எந்தப் புத்தகம் என்பதை மட்டும் நீங்களே தேர்ந்தெடுங்கள்.

முதல் சில வாரங்கள் நீங்களும் வகுப்பில் உட்காருங்கள். ஏதாவது சரியில்லை என்றால் அன்றைக்கே பேசித் தீர்த்துவிடலாம்.